பூஸ்ட் ஏற ஏற பெற்றோல் பிரஷர் விழுகுது, உதவி வேணும்

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா)

வணக்கம். 1990 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 எஞ்சின். போன வருசம் கோடையில சூப்பர்சார்ஜர் (காத்தை அமத்தி எஞ்சினுக்குள்ள அனுப்புறது) ஏத்தினது, பூஸ்ட், அதாவது அந்தக் காத்தின்ர கூடின அமுக்கம், 7 பிஎஸ்ஐ, 180 குதிரைவலு வரும். பெரிய இன்ஜெக்டர் (பெற்றோல் பீச்சுறது), தனி ஈசியூ (எஞ்சின் கம்பியூட்டர்), மணிக்கு 255 லீற்றர் பம்ப் எல்லாம் அப்பவே ஒரு இடத்தில குடுத்துப் போட்டது. அந்தக் கோடை முழுக்க நல்லா ஓடினது. குளிர் முடிஞ்சு இந்த வருசம் வெளியில எடுத்ததில இருந்து, முழுசா மிதிச்சால் 5000 ஆர்பிஎம்முக்கு மேல இழுவை செத்துப் போகுது. வைட்பேண்ட் (காத்து-பெற்றோல் விகிதம் காட்டுற மீற்றர், எண் கூடினால் பெற்றோல் காணாது) 11.6 காட்ட வேண்டிய இடத்தில 13.7 காட்டினது. பயந்து காலை எடுத்திட்டன்.

ரெயில்ல (இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் குடுக்கிற குழாய்) பிரஷர் கேஜ் பூட்டிப் பாத்தனான். ஐடில்ல 35 பிஎஸ்ஐ, ரெகுலேட்டர்ர வேக்குவம் ஹோஸைக் கழட்டினால் 43.5. ரெண்டும் சரி. ஆனா பூஸ்ட்ல 50க்கு ஏற வேண்டியது 38க்கு இறங்குது. ஃபில்டர் மாத்தியும் வித்தியாசம் இல்லை. இன்னொண்டு, காலமை ஸ்டார்ட் பண்ணேக்க கன நேரம் சுத்த வேண்டிக் கிடக்கு, முந்தி அப்பிடி இல்லை.

ட்யூன்ல (ஈசியூ செட்டிங்ல) 20 வீதம் பெற்றோலைக் கூட்டிவிட்டால் ஓடலாமோ?

பதில் 1 (கோயம்புத்தூர்)

வேண்டாங்க தம்பி, ட்யூன்ல கையே வைக்காதீங்க. உங்க ட்யூன் சரியா இருக்குன்னு நீங்க குடுத்த நம்பரே சொல்லுது. ரெயில்ல 38, மேனிஃபோல்டுல (எஞ்சினுக்குக் காத்து போற குழாய்) எதிர்த்து நிக்கிறது 7. இன்ஜெக்டருக்கு நிஜமா கிடைக்கிறது 31தான், கிடைக்க வேண்டியது 43.5. பெட்ரோல் பாயற அளவு பிரஷரோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி மாறும். 31ஐ 43.5ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.84. அதாவது 16 சதவீதம் கம்மி. 11.6ஐ 0.84ஆல வகுங்க, 13.8 வருது. உங்க வைட்பேண்ட் காட்டினது கிட்டத்தட்ட அதேதான். இன்ஜெக்டர், சென்சார், மேப் (ஈசியூவோட பெட்ரோல் அட்டவணை) எல்லாத்தையும் சந்தேகப் பட்டியல்ல இருந்து எடுத்துடலாம். பெட்ரோல் ரெயிலுக்கு வந்து சேரல, அவ்வளவுதான்.

ஐடில்ல சரியா காட்டுதேன்னு ஏமாறாதீங்க. ரெயில் பிரஷரைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர், மிச்சத்தைத்தான் ரிட்டர்ன் ஹோஸ் வழியா டேங்குக்குத் திருப்பி விடும். ஐடில்ல எஞ்சின் குடிக்கிறது சொட்டு சொட்டா, அதனால சாகக் கிடக்கிற பம்ப்கூட 35ஐப் பிடிச்சு வச்சுக்கும். பம்ப் எவ்வளவு பெட்ரோல் தள்ளுதுன்னு அளந்து பாத்தாத்தான் உண்மை தெரியும்.

மூணு சோதனை பண்ணுங்க. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு ரிட்டர்ன் ஹோஸை ரெயில் பக்கம் கழட்டி ஒரு கேன்ல விடுங்க. எஞ்சின் பக்கம் இருக்கிற டயக்னோஸ்டிக் பெட்டியில எஃப்/பி, ஜிஎன்டி ரெண்டையும் ஒயரால சேத்தா சாவி ஆன்ல பம்ப் மட்டும் ஓடும். 30 வினாடிக்கு எவ்வளவு வருதுன்னு அளங்க. 180 குதிரைசக்தி சூப்பர்சார்ஜர் எஞ்சின் முழு மிதியில அந்த நேரத்துல அரை லிட்டருக்கு மேல குடிக்கும், உங்க பம்ப் ஒரு லிட்டரைத் தாராளமா தாண்டணும். அடுத்து, ஹோஸை மாட்டிட்டு ஐடில்ல ரிட்டர்ன் ரப்பரை ரெண்டு வினாடி நசுக்குங்க. 70ஐத் தாண்டினதும் விட்டுடணும். மூணாவது, சாவியை அணைச்சதும் பிரஷர் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாருங்க.

திறந்த வெளியில பண்ணுங்க, தீயணைப்பான் கைக்கெட்டற தூரத்துல இருக்கணும். ஓட்டிப் பாக்கறப்ப கேஜைக் கேபினுக்குள்ள கொண்டுவரவே கூடாது. கண்ணாடிக்கு வெளியே வைப்பர்கிட்ட டேப் போட்டு ஒட்டி, உள்ள இருந்து போன்ல வீடியோ எடுங்க. அதுவரைக்கும் பூஸ்ட் வேண்டாம். லீனா (பெட்ரோல் கம்மியா) ஓடி நாக் (எரிபொருள் தாறுமாறா வெடிக்கிறது) வந்தா பிஸ்டன் போயிடும்.

பதில் 2 (மிசிசாகா)

அண்ணை சொன்னதோட எர்த்தையும் பாருங்கோ. இங்க ரோட்டில கொட்டுற உப்பு கனெக்டரைத் தின்னுபோடும். பம்ப் ஓடேக்க பற்றரி பிளஸ்ஸுக்கும் பம்ப் பிளஸ்ஸுக்கும் இடையில மல்டிமீட்டர் வையுங்கோ, பிறகு பம்ப் மைனஸுக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில. ஒவ்வொண்டும் அரை வோல்ட்டுக்குள்ள இருந்தால் வயரிங்கில பிழை இல்லை. கழட்டி வச்சு அளந்தால் எப்பவும் 12 காட்டும், அதை நம்பாதேங்கோ.

கேட்டவர்

எல்லாம் செய்தாச்சு. வோல்ட் பிளஸ்ல 0.3, மைனஸ்ல 0.2 தான் விழுது. கேன்ல வந்தது 400 மில்லிலீற்றர். ரிட்டர்னை நசுக்கினால் 52ல போய் நிக்குது, அதுக்கு மேல அசையேல்லை. சாவியை அணைச்சு நாலு செக்கன்ல கேஜ் பூச்சியம். கார் அடியில ஒரு சொட்டு ஈரமில்லை, மணமும் இல்லை. பம்ப் பழுதோ? ஒரு வருசம்தானே ஆகுது.

பதில் 1

பம்பை வாங்கறதுக்கு முன்னாடி டேங்கைத் திறங்க. ஃபில்டரோ சல்லடையோ அடைச்சிருந்தா அளவு குறையும், ஆனா நசுக்கினா பிரஷர் மெதுவாவாவது ஏறிடும். உங்களுக்கு அதுவும் ஏறல. பம்புக்குக் கரண்ட் ஒழுங்கா போகுது, வெளியே சொட்டல, ஆனாலும் எங்கியோ ஒழுகுது. அணைச்சதும் பிரஷர் விழுறதையும், காலையில ரொம்ப நேரம் சுத்தறதையும் சேத்துப் பாருங்க. பம்போட செக் வால்வை (பெட்ரோல் பின்னால திரும்பாம தடுக்கிறது) தாண்டி, டேங்குக்குள்ளயே ஒழுகுது. பம்புக்கும் மேல இருக்கிற இரும்புக் குழாய்க்கும் நடுவுல ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் இருக்கும். அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க.

கேட்டவர்

அண்ணை, அதேதான். சீற்றுக்குப் பின்னால காப்பெற்றைத் தூக்கி, மூடியைக் கழட்டி, பம்பை வெளியில எடுத்தனான். விரல் நீள ஹோஸ். ஊறி வீங்கி, அமத்தினால் களி மாதிரி இருக்கு. கிளாம்ப் கடிச்ச இடத்தில அரை அங்குலத்துக்கு நீளவாக்கில வெடிப்பு, வளைச்சால் வாய் திறக்குது. மேல 30ஆர்7 எண்டு எழுத்து.

பதில் 1

30ஆர்7 உள்பக்கம் மட்டும் பெட்ரோல் படறதுக்கான ஹோஸ். வெளிப்பக்கமும் முங்கிக் கிடந்தா ஊறி வெடிச்சிடும். டேங்குக்குள்ள போடறதுக்கு 30ஆர்10ன்னு அச்சடிச்சது இருக்கு. விலை அதிகம்தான், ஆனா உங்களுக்கு ஒரு துண்டு போதும். கிளாம்பும் திருகாணி வெட்டுப் பல் போட்டது வேண்டாம், ஓரம் மடிச்ச ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் போடுங்க.

கேட்டவர்

30ஆர்10 போட்டாச்சு, பம்ப் பழசுதான். கேன்ல 30 செக்கனுக்கு ஒண்டரை லீற்றர். அணைச்சு அஞ்சு நிமிசம் கழிச்சும் 30க்கு மேல நிக்குது. நேற்று பின்னேரம் வைப்பர் பக்கத்தில கேஜை ஒட்டி ஓட்டினன்: 6500 வரைக்கும் 50 பிஎஸ்ஐ அசையேல்லை, வைட்பேண்ட் 11.6. மேப்பில ஒரு எழுத்தும் மாத்தேல்லை. ரெண்டு பேருக்கும் மனசார நன்றி. பழைய ஹோஸை வேலை செய்து தந்தவரிட்டக் கொண்டுபோய்க் காட்டப் போறன். அவர் வேற கார்களுக்கும் இதைத்தான் போட்டிருப்பார்.