நிம்ரோத் என்று பெயர் உள்ளவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

ரெஹோவோத் வாசி:

எனக்கு ஊர் நாசரேத். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தைச் சொல்கிறேன். தாவீது, சாமுவேல், யோசுவா, ஏனோக்கு, கிதியோன் என்று வேதாகமத்து ஆண் பெயர்களில் பாதியை அங்கே ஒரே தெருவில் பார்த்துவிடலாம். நிம்ரோத் மட்டும் கிடையாது. யூதாஸ், ஏரோது வரிசையில் அவனையும் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். எங்கள் ஞாயிறு பள்ளிப் படத்தில் பாபேல் கோபுரத்தின் அடியில் கை நீட்டி அதட்டிக்கொண்டு நிற்கும் ராஜா அவன்தான்.

இங்கே இஸ்ரேலில் நான் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் குளிர்பதனப் பெட்டியின் இரண்டாம் தட்டில் ஒரு டப்பா இருந்தது. "நிம்ரோதுடையது, தொடாதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆளைப் பார்த்தால் பரம சாது. எறும்பைக்கூட மிதிக்க யோசிப்பவர். ஒருநாள் காபி குடிக்கும்போது கேட்டே விட்டேன். "எங்கள் வீட்டில் கடவுள் கிடையாது, வேதாகமம் உண்டு. தாத்தா அதைச் சரித்திரமாகப் படிப்பார். அதில் நிம்ரோத் என்ன தப்பு செய்தான், காட்டுங்கள் பார்ப்போம்" என்றார்.

அன்று இரவே ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தைப் புரட்டினேன். கூஷின் மகன், பூமியில் பராக்கிரமசாலி, கர்த்தருக்கு முன்பாகப் பலத்த வேட்டைக்காரன், சிநெயார் தேசத்தில் பாபேல், ஏரேக், அக்காத் முதலிய ஊர்களை ஆண்டவன். அவ்வளவுதான்! கோபுரம் பதினொன்றாம் அதிகாரத்தில் வருகிறது, அங்கே அவன் பெயரே இல்லை. அந்தப் பழியை அவன் தலையில் விளக்கமாக ஏற்றி எழுதியவர் முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். ஆபிரகாமைச் சூளையில் எறிந்த கதை, ரபிகள் என்ற யூத மதகுருமார் எழுதிய வேத விளக்கமான மித்ராஷில் வருகிறது. எபிரேயத்தில் 'மரத்' என்றால் கிளர்ச்சி செய்தான் என்று பொருள். ரபிகள் அதோடு பெயரை முடிச்சுப் போட்டு, உலகத்தையே கடவுளுக்கு எதிராகக் கிளப்பியவன் என்று விளக்கம் சொன்னார்கள். இலக்கணப்படி பிரித்தால் 'கிளர்ச்சி செய்வோம்' என்று வரும். மெசொப்பொத்தேமியாவின் நினுர்த்தா என்ற வேட்டை, போர்த் தெய்வத்தின் பெயர்தான் எபிரேய வாயில் இப்படி ஆயிற்று என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

உங்களுக்குத் தெரிந்த நிம்ரோதுகளைப் பற்றியும் எழுதுங்கள்.

எருசலேம் மாணவி:

அந்தத் தாத்தாவைக் குறை சொல்லாதீர்கள். அவர் காலத்துக்காரர்கள் பலரும் அந்தப் பெயரை ஒரு கல்லிலிருந்து எடுத்தவர்கள். கல் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெர்லினில் பிறந்த சிற்பி இட்ஸ்ஹாக் டான்ஸிகர் 1939 வாக்கில் செதுக்கியது, 'நிம்ரோத்' என்றே பெயர். ஒரு மீட்டர் உயரம்கூட இராது. புகைப்படங்களில் பார்த்துவிட்டுப் பெரிதாக எதிர்பார்த்துப் போன எனக்கு முதலில் ஏமாற்றம்தான். பக்கத்தில் போனால் விஷயம் வேறு. செம்மண் நிற நூபியக் கல், சொரசொரப்பு கண்ணுக்கே தெரிகிறது. தோளில் ஒரு பருந்து, அது உடம்போடு உடம்பாக ஒட்டிக்கிடப்பதால் முதல் பார்வையில் கூன்போல் இருக்கிறது. வில் முதுகுப் பக்கம். ஆடை இல்லை. விருத்தசேதனமும் இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் சமயப் பற்றாளர்களைக் கொதிக்கவைத்தது.

சிலை வந்த காலத்தில் யோனாதான் ரத்தோஷ் என்ற கவிஞரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. 'கானானியர்' என்று பிறர் கேலியாக வைத்த பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது. நாங்கள் யூத மதத்தின் பிள்ளைகள் அல்ல, இந்த மண்ணின் பழைய எபிரேயர்கள் என்பது அவர்கள் கட்சி. கட்சி வளரவில்லை, சிலை அவர்களுடைய அடையாளமாகத் தங்கிவிட்டது. இன்றைக்கு இந்த நாட்டில் அனாத் என்ற பெயருடைய பெண்கள் ஏராளம். அது கானானியப் போர்த் தெய்வத்தின் பெயர். ராஜாக்கள் புத்தகம் திட்டித் தீர்க்கும் ஒம்ரி ராஜாவின் பெயரும் பையன்களுக்குச் சர்வசாதாரணம். நிம்ரோத் தனியாக வரவில்லை, கூட்டத்தோடுதான் வந்தான்.

ஹைஃபா, முதியோர் பராமரிப்பு:

நான் கன்னியாகுமரிக்காரி. நான் பார்த்துக்கொள்ளும் சாவ்தாவின் (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறோம்) மூத்த மகன் பெயர் நிம்ரோத். எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்கில்தான் பெயரைச் சொல்வார்கள். அதுவரை வாயைத் திறக்கமாட்டார்கள். அன்று பெயரைக் கேட்டதும் சாவ்தாவின் மாமனார் தட்டில் வைத்த கேக்கைத் தொடாமல் எழுந்து போய்விட்டாராம். நம் தகப்பன் ஆபிரகாமைத் தீயில் போட்டவன் பெயரா என் பேரனுக்கு என்று கேட்டாராம். சாவ்தா இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறார். மாமனார் கடைசிவரை பேரனை "பையா" என்றே கூப்பிட்டாராம். அந்தப் பையனுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

ரெஹோவோத் அண்ணன் சொன்ன மாதிரி இந்த நிம்ரோதும் சாதுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் தவறாமல் மீன் வாங்கி வருவார், செதிலை மட்டும் என்னிடம் தள்ளிவிடுவார்.

காயல்பட்டினத்துக்காரன்:

மதரஸாவில் நம்ரூதின் கதையைக் கேட்காமல் வளர்ந்தவன் எங்கள் ஊரில் கிடையாது. இப்ராஹீம் நபியோடு வாதாடித் தோற்ற மன்னன் அவன். குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தில் அந்த வாதம் வருகிறது. நான்தான் உயிர் கொடுக்கிறேன், நான்தான் எடுக்கிறேன் என்று அவன் சொல்ல, கிழக்கில் உதிக்கும் சூரியனை மேற்கில் உதிக்கவை பார்ப்போம் என்று நபி கேட்க, அவன் வாயடைத்துப் போகிறான். குர்ஆன் அவன் பெயரைச் சொல்லவில்லை, நம்ரூத் என்பது விளக்கவுரைகளில் வருவது. மூக்கு வழியாகக் கொசு நுழைந்து மண்டையைக் குடைந்ததும், குடைச்சல் அடங்கத் தலையில் அடிக்கச் சொன்னதும் அப்படி வந்த கதைகளே. சிறு வயதில் எங்களுக்குப் பிடித்தது கொசுதான்.

துருக்கியின் உர்ஃபா நகரத்துக்குப் போயிருக்கிறேன். கோட்டைமேல் இரண்டு உயரமான தூண்கள். நம்ரூத் கவண் பூட்டி நபியை நெருப்பில் எறிந்தது அங்கிருந்துதான் என்று ஊரார் கை காட்டுகிறார்கள். கீழே குளம். நெருப்பு தண்ணீராயிற்று, விறகு மீனாயிற்று என்பது அந்த ஊர் நம்பிக்கை. மீனைப் பிடிப்பதும் தின்பதும் விலக்கு. கரையில் ஒரு சிறுவன் தட்டில் பொரி உருண்டை மாதிரி தீனி விற்கிறான். ஒரு கை வீசினால் தண்ணீரே தெரியாத அளவுக்கு வாய் வாயாக மேலே வருகின்றன. கூட்டத்தில் ஒருவர் தன் மகனை "டேய், நம்ரூத்" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அது பெயரா வசவா என்று நான் கேட்கப் போகவில்லை.

பீர்ஷெவா மாணவன்:

காயல்பட்டினத்துக் காக்கா (அண்ணன்), கோலானிலும் அவனுக்குக் கோட்டை உண்டு. ஹெர்மோன் மலைச்சரிவில், பானியாஸ் ஊற்றுக்கு மேலே. விடுமுறையில் நண்பர்களோடு ஏறினோம், முழங்கால் கழன்றுவிட்டது. நிம்ரோத் கோட்டை என்று பலகை சொன்னாலும், 1229 வாக்கில் அதைக் கட்டியவர் சலாஹுத்தீனின் தம்பி மகனான அல் அஜீஸ் உஸ்மான். பின்னால் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் காலத்தில் பெரிதாயிற்று. அரபியில் அது சுபைபா கோட்டை. நிம்ரோத் உச்சியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி பானியாஸ் தண்ணீரை அள்ளிக் குடிப்பானாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

நியூஜெர்சி:

எங்கள் அலுவலகத்தில் இஸ்ரேலிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நிம்ரோத் ஒரே வாரத்தில் 'நிம்' ஆகிவிட்டார். அமெரிக்கப் பேச்சில் அந்தப் பெயர் மடையன் என்பதற்குச் சமம். காபிக் கடையில் கோப்பையில் எழுதப் பெயர் கேட்டு, இவர் சொன்னதும், கல்லாவில் நின்ற பெண் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நானே பார்த்தேன். கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னி, தன்னைத் துரத்தும் வேட்டைக்காரனை இப்படிக் கேலி செய்ததால் வந்த பொருள் என்று பலர் சொல்வார்கள். அந்தக் கார்ட்டூன்களுக்கு முன்பே இந்த வசவு அச்சில் இருக்கிறது.

இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ். இசையமைப்பாளர் எல்கரின் 1899ஆம் ஆண்டு 'எனிக்மா' இசைத்தொகுப்பில் ஒன்பதாம் பகுதிக்கு நிம்ரோத் என்றுதான் பெயர். நவம்பரில் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ஞாயிறன்று லண்டனில் வாசிப்பார்கள். அவருடைய நண்பர் யேகரின் பெயருக்கு ஜெர்மனில் வேட்டைக்காரன் என்று பொருள், அதை வைத்துச் செய்த குறும்பு அது. நிம்முக்கு இதைப் போட்டுக் காட்டினேன். "லண்டன் கிளைக்கு மாற்றல் கேட்கலாம் போலிருக்கிறது" என்றார்.

ரெஹோவோத் வாசி:

எல்லாருக்கும் நன்றி. இந்தப் பெயர் இப்போது எவ்வளவு புழக்கம் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். இங்கே புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. மொத்தத்தில் ஆண் குழந்தைகளுக்கு முகமதுதான் முதலிடம். யூதப் பிள்ளைகளில் சமீப ஆண்டுகளாகத் தாவீது முன்னால் நிற்கிறான். பக்தியுள்ள குடும்பங்களில் பிள்ளைகள் அதிகம், அவர்கள் தாவீது, யோசேப்பு என்று முன்னோர் பெயரையே வைக்கிறார்கள். அந்த வீடுகளில் நிம்ரோதை எதிர்பார்க்க முடியாது. நான் பார்த்த நிம்ரோதுகள் எல்லாம் மதப்பற்று இல்லாத வீட்டுக்காரர்கள், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள்.

புடாபெஸ்ட்:

தாமதமாக வருகிறேன். ஹங்கேரியிலும் நிம்ரோதுகள் உண்டு, அவர்களில் பலர் யூதர் அல்லர். ஹுனோர், மகோர் என்ற இரட்டையர்களின் தகப்பன் மென்ரோத் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது. மகோர் வழியில்தான் மஜார் இனம். வேதாகமத்து நிம்ரோதையே அந்த மென்ரோதாக எடுத்துக்கொண்டு மூதாதை ஆக்கிவிட்டார்கள். இங்கே வேட்டைக்காரர்களின் பத்திரிகைக்கும் அவன் பெயர்தான், பெட்டிக்கடையில் அட்டையில் மான் கொம்போடு தொங்கும். என் வகுப்பு நிம்ரோத் சைவம், அவனுக்கும் அவன் அப்பா அதற்குச் சந்தா கட்டியிருக்கிறார்.