கொடியை 'கெரடி' என்று படித்த பையன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு நாலாம் வகுப்புப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும் என்று அப்பா சொன்னதை அப்படியே சொல்வான். பாடத்தையும் கடகடவென்று ஒப்பிப்பான், ஆனால் கண் வரியில் இருக்காது. நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டினால் நின்றுவிடுவான். 'கொடி'யை 'கெரடி' என்றான்.

"கவனமே இல்ல, நல்லா நாலு போடுங்க மிஸ்" என்றார் அவன் அம்மா.

அடிக்க இதில் என்ன இருக்கிறது? அவன் கவனமாகத்தான் படித்திருக்கிறான். கொம்பையும் ககரத்தையும் சேர்த்து 'கெ', பின்னால் நிற்கும் துணைக்கால் 'ர'. வாயில் முதலில் வருவது க், தாளில் முதலில் நிற்பது கொம்பு. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை ஒலியோடு சேர்த்துப் படிப்பதில் தடுமாறும் கற்றல் குறைபாடு என்று பிறகு பரிசோதனையில் உறுதியானது.

இந்தப் பிள்ளைகளுக்குத் தேவை கூடுதல் வாசிப்பு அல்ல, ஒலியிலிருந்து தொடங்கும் வேறு வழி. 1930களிலேயே அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியரும் இதற்கு அடித்தளம் போட்டார்கள்: ஒலி, எழுத்து, சொல் என்று படிப்படியாக, எதையும் ஊகத்துக்கு விடாமல் நேராகச் சொல்லித் தருவது.

அதனால் முதலில் புத்தகத்தையே திறக்கவில்லை. "மீன்ல 'ம்'மை எடுத்துட்டா என்னடா மிச்சம்?" "ஈன், மிஸ்!" இது வந்த பிறகுதான் எழுத்து அட்டை. பல், பால், வால், வில் என்று ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஒலியை மாற்றுவோம். 247 எழுத்தையும் வரிசையாக எழுதவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உயிர்க்குறிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். கால் நன்றாகப் பிடிபட்ட பிறகே கொம்பு. 'கொ' வரும்போது கொம்பையும் காலையும் ஒரே நிறத்தில் எழுதி, இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்று காட்டினேன். தட்டில் மணல் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவான். மணலைப் பெரிதாகப் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் வேலை செய்தது அந்த ஒழுங்கும் தினமும் திரும்பச் செய்ததும்தான்.

இப்போது புதுச் சொல்லையும் மெதுவாகக் கூட்டிப் படிக்கிறான். ர, ற இன்னும் மாறுகிறது. வேகமும் வரவில்லை, அதற்கு நாளாகும். அதுவரை அறிவியல் பாடத்தை நான் வாசிக்க, அவன் பதில் சொல்கிறான். எழுத்து தடுக்கிறது என்பதற்காகப் பாடம் நிற்கக் கூடாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அவன் அம்மா அதற்கான காகிதங்களை இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டார்.