"சோடா ஆஷ் இஸ் ஆடட்": யார் போடுவது?

சாயப்பட்டறைக்காரன்: உற்பத்தி முறையை ஆங்கிலத்தில் எழுதினால் செயப்பாட்டு வினைதான், மற்றதெல்லாம் கொச்சை என்று நேற்று இந்தக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. திருப்பூரில் நான் முன்பு வேலை பார்த்த டையிங்கில் எஸ்ஓபி-யில், அதாவது வேலைக்கான எழுத்துக் குறிப்பில், இருந்த வரி, "சோடா ஆஷ் இஸ் ஆடட்". சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் சோடா உப்பு சேர்க்கப்படுகிறது என்று அர்த்தம். யார் போடுவது? எவ்வளவு நேரத்தில்? நைட் ஷிப்ட் பையன் மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டிவிட்டான். காலையில் நேவி ப்ளூ துணி முழுக்கத் திட்டுத் திட்டாக நின்றது.

இலக்கணப்பித்தன்: அந்த ஒருவர் நான்தான். 12 வருடமாக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதில் செய்முறைப் படத்தை விவரிக்கச் சொன்னால் செயப்பாட்டு வினைதான் பொருந்தும். உங்கள் வரியில் விட்டுப்போனது நேரம். "இஸ் ஆடட் ஸ்லோலி, ஓவர் 30 மினிட்ஸ்" என்றால் தீர்ந்தது. பையன் கொட்டியதற்கு இலக்கணத்தின் மேல் ஏன் பாய்கிறீர்கள்?

சாயப்பட்டறைக்காரன்: தீரவில்லை சார். யார் போடுவது? அளவாகச் சேர்க்கும் டோசிங் பம்ப் உள்ள மெஷினில் அதுவே போடும், பழைய மெஷினில் ஆள்தான் போட வேண்டும். "ஆட் தி சோடா ஆஷ்" என்றால் நீ போடு என்று அர்த்தம். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கான எஸ்டிஈ 100 என்ற எளிய ஆங்கில விதியே, வேலைப் படிகளைக் கட்டளையாக, வாக்கியத்துக்கு 20 சொல்லுக்குள் எழுதச் சொல்கிறது.

நொய்யல்: அண்ணே, சுவரில் தமிழில் ஒட்டியிருந்தால் இந்த வம்பே இல்லையே?

சாயப்பட்டறைக்காரன்: பையன் ஒடிசாக்காரன். துணி வாங்கும் பையரின் சார்பில் சோதிக்க வரும் ஆடிட்டர் படிப்பதும் ஆங்கிலம்தான்.

நொய்யல்: அப்படியென்றால் உப்பை ஏன் சொல்லவில்லை? பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் உப்பு போட்டு, சாயம் நூலில் ஏறிய பிறகுதான் சோடா ஆஷ். சாயத் தண்ணீரின் சூடு 60 டிகிரி என்பதையும் காணோம்.

சாயப்பட்டறைக்காரன்: உப்பைப் பற்றி யார் கேட்டது? போன மாதம் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) கணக்கில் மாட்டிக்கொண்ட கோபம் உங்களுக்கு இன்னும் தீரவில்லை.

நொய்யல்: நான் போட்ட கணக்கு சரி. துணியை அழுத்திச் சுருக்கும் கம்பாக்டிங்கில் அது சுருங்கியதை நீங்கள்தான் விட்டீர்கள்.

இலக்கணப்பித்தன்: தேர்வில் "ஆட்" என்று எழுதினால் மதிப்பெண் போகும். என் மாணவர்களுக்கு "இஸ் ஆடட்" என்றுதான் சொல்லித்தருவேன்.

சாயப்பட்டறைக்காரன்: உங்களுக்கு மதிப்பெண் போகும், எங்களுக்குத் துணி போகும். மறுபடி கேட்கிறேன், யார் போடுவது?

நொய்யல்: கம்பாக்டிங்குக்குப் பதில் சொல்லுங்கள் அண்ணே.