பழைய வால்வு போனோ பிரீஆம்ப்: இடது பக்கம் பொரியும் சத்தம், அடியில் ஹம். எதை மாற்றுவது?

கேள்வி
சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்கிறேன். 1960-களில் இங்கிலாந்தில் செய்த போனோ பிரீஆம்ப் (இசைத்தட்டு ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி). பக்கத்துக்கு ஒரு ஈசிசி83 வால்வு, ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்கும் வால்வு) ஈஇசட்80. ஆர்ஐஏஏ பகுதி (தட்டில் குறைத்த பாஸையும் கூட்டிய டிரெபிளையும் சரிசெய்வது) இரண்டு நிலைகளுக்கும் நடுவில் இருக்கிறது, ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவது) கிடையாது. கார்ட்ரிட்ஜ் (ஊசித் தலை) ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ. நன்றாகச் சூடேறியதும் இடது பக்கம் பொரிய ஆரம்பிக்கிறது, மழை நாளில் இன்னும் மோசம். இரண்டு பக்கமும் மெல்லிய ஹம் (ரீங்காரம்) உண்டு. பழைய முல்லார்டு கம்பெனி வால்வு போட்டு, கப்ளிங் கெப்பாசிட்டரை (டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் அடுத்த நிலைக்கு விடுவது) 0.1-லிருந்து 0.47 மைக்ரோஃபாரட்டுக்கு ஏற்றினால் சத்தம் திறக்கும் என்கிறார்கள். செய்யலாமா அண்ணே?

பதில்
முல்லார்டு வாங்கும் காசைப் பையிலேயே வையுங்கள் தம்பி. முதலில் இடது வலது வால்வுகளை இடம் மாற்றிப் பாருங்கள். பொரியல் வால்வோடு வலது பக்கம் போனால் வால்வு குற்றம். இடதிலேயே நின்றால் சுற்றில் கோளாறு.

பிறகு இன்புட்டை ஷார்ட் செய்து, அரை மணி நேரம் சூடேற விட்டு, டிசி வோல்ட் எடுங்கள். முதல் நிலை 1, 2, 3 பின். இரண்டாம் நிலை 6, 7, 8 (ஆனோடு, கிரிட், கேதோடு). சில பெட்டியில் இது தலைகீழாக இருக்கும், வயரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். 10 மெகா ஓம் டிஜிட்டல் மீட்டர்தான் வேண்டும். முள் மீட்டர் கிரிட் வோல்ட்டை இழுத்து இறக்கிவிடும். கருப்பு வயரைக் கிளிப் போட்டுச் சேஸியில் (பெட்டியின் உலோகச் சட்டம்) மாட்டி, ஒரு கையால் மட்டும் அளந்து பாருங்கள். உள்ளே 250 வோல்ட்.

கேட்டவர்
வால்வு மாற்றியும் பொரியல் இடதிலேயே. பி பிளஸ் (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்ட்) 250. ஆனோடு ரெசிஸ்டர் 100 கே (கிலோ ஓம்), கேதோடு 1.5 கே, கிரிட் 1 மெகா. இரண்டாம் நிலை:
வலது: ஆனோடு 163, கிரிட் 0, கேதோடு 1.3.
இடது: ஆனோடு 126, கிரிட் பிளஸ் 1.2, கேதோடு 1.86.

பதில்
அகப்பட்டுவிட்டது. கிரிட்டில் பிளஸ் வோல்ட் நிற்கவே கூடாது. முதல் நிலை ஆனோடிலிருந்து வரும் 0.1 கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது. ஒரு மைக்ரோ ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டினாலே 1 மெகா ரெசிஸ்டரில் இந்த 1.2 வந்துவிடும். கசிவு சீராக இருப்பதில்லை, துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பை இரண்டாம் நிலை ஐம்பது மடங்கு பெருக்கி உங்களுக்குக் கேட்க வைக்கிறது. மெழுகுக் காகித கெப்பாசிட்டர் ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் கசிவு கூடும். நம் ஊர்க் காற்றுக்கு அது தாங்காது. இணையத்தில் ‘பழைய புதுச் சரக்கு’ என்று விற்கும் காகித கெப்பாசிட்டரும் அதே ஜாதிதான், பெட்டியிலேயே கசிந்திருக்கும்.

பாலிபுரோப்பிலீன் 0.1, 630 வோல்ட் போடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ஈப்போவில் கிடைக்காவிட்டால் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும். கழற்றும் முன் கரண்டைப் பிடுங்கி, 10 கே 5 வாட் ரெசிஸ்டரால் ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சேஸிக்கு இறக்கி, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகே கை வையுங்கள்.

இந்த இடத்தில் 0.47 வேண்டாம். ஆர்ஐஏஏ-க்கு முன்னால் இருப்பது 0.1-ஆகவே இருக்கட்டும். பெரிதாக்கினால் வெயிலில் வளைந்த தட்டின் ஆட்டம் அப்படியே ஏறி ஊஃபர் கோன் முன்னும் பின்னும் ஆடும், பாட்டில் எதுவும் கூடாது. அவுட்புட் கெப்பாசிட்டர் வேறு கதை. ஆம்ப் இன்புட் 47 கே என்றால் 0.1 போதாது, 18 ஹெர்ட்ஸ் அளவிலேயே 3 டெசிபெல் போய்விடும். அங்கே 0.22 வையுங்கள்.

இன்னொருவர் பதில்
ஈசிசி82, ஈசிசி81 செருகிப் பார்க்கும் ஆசை வரும், பின் வரிசை ஒன்றுதான் என்பதால். இந்தச் சுற்றில் கூடாது. ஃபீட்பேக் இல்லாததால் வால்வின் உள் மின்தடையும் ஆர்ஐஏஏ-யின் 3180, 318, 75 மைக்ரோ செகண்ட் கணக்கில் ஓர் உறுப்பு. வால்வு வகை மாறினால் வளைவே மாறிவிடும்.

ஆனோடு ரெசிஸ்டர் கார்பன் காம்போசிஷன் என்றால் 100 கே 1 வாட் மெட்டல் ஃபிலிம் ஆக்குங்கள். முதல் நிலையில் மாற்றினால்தான் இரைச்சல் குறைவது காதுக்குத் தெரியும். கேதோடு ரெசிஸ்டரில் அவ்வளவு பலன் இல்லை.

கேட்டவர்
மாற்றியாச்சு. இடது கிரிட் இப்போது பூஜ்ஜியம், பொரியல் போயிற்று. ஹம் மட்டும் இருக்கிறது. ஃபில்டரில் முதல் கெப்பாசிட்டரை 100 மைக்ரோஃபாரட் ஆக்கட்டுமா?

பதில்
வேண்டவே வேண்டாம். ஈஇசட்80-க்கு முதல் கெப்பாசிட்டர் 50-க்கு மேல் போகக்கூடாது, ரெக்டிஃபையர் செத்துவிடும். கூட்டுவதானால் அடுத்த கெப்பாசிட்டரில் கூட்டுங்கள். அதற்கு முன் ஹம் எந்த வகை என்று கேளுங்கள். உர்ர் என்று கரகரப்பாக இருந்தால் 100 ஹெர்ட்ஸ், ஃபில்டர் காய்ந்திருக்கிறது. மழமழவென்று ஆழமாக ஒலித்தால் 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் அல்லது எர்த் லூப்.

கேட்டவர்
ஆழமானதுதான். இன்புட் ஷார்ட் செய்தாலும் நிற்கவில்லை.

பதில்
அப்படியானால் டர்ன்டேபிள் வயரைக் குறை சொல்ல வேண்டாம், ஹீட்டர் சுற்று முழுவதையும் சேஸியைவிடப் பிளஸ் வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். பி பிளஸிலிருந்து 220 கே, அதன் கீழே சேஸிக்கு 33 கே. நடுவில் 32 வோல்ட் சுமார் வரும். 33 கே-க்கு இணையாக 47 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் கெப்பாசிட்டர். ஹீட்டர் சென்டர் டேப்பை (டிரான்ஸ்ஃபார்மர் ஹீட்டர் சுற்றின் நடு முனை) சேஸியிலிருந்து கழற்றி இந்தப் புள்ளியில் கட்டுங்கள். டேப் இல்லையென்றால் ஹீட்டரின் இரு முனையிலிருந்தும் இந்தப் புள்ளிக்கு 100 ஓம் ஒவ்வொன்று; சேஸிக்குப் போகும் பழைய இணைப்பு எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. கேதோடைவிட ஹீட்டர் பிளஸ்ஸில் இருந்தால் ஹீட்டரிலிருந்து கேதோடுக்குக் கசியும் எலக்ட்ரான் நின்றுவிடும். ஈசிசி83 தாங்கும் அளவு 180 வோல்ட், 32-க்குக் கவலையில்லை. 220 கே மட்டும் 1 வாட் போடுங்கள். சிறிய கால் வாட் ரெசிஸ்டருக்கு இந்தச் சூடும் வோல்டேஜும் விளிம்பில் நிற்கும்.

கூடவே டிரான்ஸ்ஃபார்மர் டேப் 220-ல் இருந்தால் 240-க்கு மாற்றுங்கள். நம் லைன் 240-ஐத் தொட்டால் ஹீட்டர் 6.9 வோல்ட் அருகே ஓடும்.

கேட்டவர்
டேப் 220-லேயே இருந்தது. மாற்றினேன், ஹீட்டர் 6.3. உயர்த்திய பிறகு வால்யூமை முழுக்கத் திறந்தால்தான் ஹம் தெரிகிறது. ஆனால் சிம்பலும் ‘ஸ’ எழுத்தும் கொஞ்சம் கூராக ஒலிக்கின்றன.

பதில்
விஎம்95இ கேட்பது 100 முதல் 200 பிகோஃபாரட். ஈசிசி83-ன் மில்லர் கெப்பாசிட்டன்ஸ் (வால்வு பெருக்குவதால் அதன் இன்புட்டில் பெருத்துத் தெரியும் கெப்பாசிட்டன்ஸ்) மட்டுமே 90 அளவு. ஆர்ம் வயரும் ஆர்சிஏ வயரும் சேர்ந்தால் 200-ஐத் தாண்டிவிடும். பிரீஆம்ப் உள்ளே இன்புட் ஜாக்கில் 47 கே-க்குப் பக்கத்தில் சின்னக் கெப்பாசிட்டர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள்; இருந்தால் கழற்றிவிடுங்கள். வயரை அரை மீட்டராகக் குறையுங்கள். 47 கே ரெசிஸ்டரைத் தொட வேண்டாம்.