நங்கூரத்தைப் போட்டுவிட்டு எஞ்சினைப் பாருங்கள்

மட்டக்களப்பு பாலமீன்மட்டிலிருந்து, கடலுக்குப் போகிறவர்:

நடுக்கடலில் எங்கள் வள்ளத்து எஞ்சின் ஸ்டார்ட் வராமல் நின்ற கதை இது. 2022இல் நடந்தது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். ஆவணியில் மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது.

எங்கள் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிற ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். நிறுத்தப்போகும்போது கொஞ்சம் முன்னாலேயே திரும்பப் பெற்றோலுக்கு வந்துவிட வேணும். அந்தக் கடைசி ரெண்டு நிமிஷப் பெற்றோலை மிச்சம் பிடிக்கலாம் என்று நான் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தத் தொடங்கினேன். மாமா ரெண்டு தரம் சொன்னார், நான் கேட்கவில்லை. முதல் சில நாள் கொஞ்ச நேரத்துக்குத்தான் நிறுத்தினோம், எஞ்சின் சூடு ஆறாததால் ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு முகத்துவாரத்தால் வெளியே போய் வலை விட்டுவிட்டு நாலு மணித்தியாலம் கிடந்தோம். வெள்ளாப்பில் வலையை ஏற்றி முடித்து ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் எஞ்சின் இருமக்கூட இல்லை. முப்பது, நாற்பது தரம் இழுத்திருப்பேன். உள்ளங்கை உரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் வெளிச்சவீடு எங்கேயோ போய்விட்டது. நீரோட்டம் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போனது எனக்குத் தெரியவே இல்லை.

"இழுக்காத மகன், இழுக்க இழுக்க பிளக் இன்னும் நனையும். முதல்ல நங்கூரத்தப் போடு. மறுகா எஞ்சினப் பாப்பம்" என்றார் மாமா.

நங்கூரம் பிடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஸ்டொப் சுவிட்சின் கிளிப் இருக்கிறதா, கியர் நடுவில் நிற்கிறதா, பெற்றோல் கலனின் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, குழாயிலுள்ள ரப்பர் குமிழ் அமத்தினால் இறுகுகிறதா? எல்லாம் சரி. பொறி அடிக்கிற பிளக்குகளைக் கழற்றினோம். ரெண்டும் ஈரம்.

மாமா, எண்ணெயும் காற்றும் கலக்கிற காபரேட்டரின் அடித்திருகை இளக்கி, வந்த எண்ணெயில் ரெண்டு சொட்டை என் கையில் தடவிவிட்டார். பெற்றோல் என்றால் கை குளிர்ந்து உடனே காயும். இது பிசுபிசு என்று அப்படியே நின்றது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆவியாகாததில் பொறி அடித்தும் பற்றாது. நான் நாற்பது தரம் இழுத்ததும் அதைத்தான் சிலிண்டருக்குள் நிரப்பியிருக்கிறது.

அடியிலிருந்ததை முழுக்க வடித்தோம். பொறி அடிக்காமல் இருக்க ஸ்டொப் கிளிப்பைக் கழற்றி, பிளக் இல்லாமலே பத்துத் தரம் இழுத்து உள்ளே நின்றதை வெளியேற்றினோம். சாரன் நுனியால் பிளக்கைத் துடைத்துப் பூட்டி, கிளிப்பை மாட்டி, பெற்றோலைத் திறந்து குமிழ் இறுகும்வரை அமத்தி, சோக்கை இழுத்து, மூன்றாவது இழுவையில் பிடித்தது. அந்தப் புகை மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

சாய்ந்தமருதிலிருந்து, எஞ்சின் திருத்துகிறவர்:

மாமா சரியாச் செஞ்சிருக்கார் தம்பி. எஞ்சின் பழுதெண்டு என்னட்டக் கொண்டு வாறதுல கனக்க எஞ்சினில பிழையே இல்ல, எண்ணெய் வாற வழியிலதான். குமிழ் எவ்வளவு அமத்தியும் இறுகாட்டி எங்கயோ காத்து இழுக்குது. குழாய் பூட்டுற இடத்து ரப்பர் வளையத்தைப் பாருங்க. ஸ்டார்ட் வந்து ரெண்டு மூணு நிமிஷத்துல நிண்டு, குமிழும் சப்பையாக் கிடந்தா கலனின்ட காத்துத் திருகு மூடியிருக்கு. எண்ணெயில தண்ணி சந்தேகமா? கண்ணாடிப் போத்தலில ஊத்திப் பத்து நிமிஷம் வைங்க, தண்ணி அடியில தனியாத் தெரியும்.

பிளக்கை எஞ்சினில முட்டி வச்சுப் பொறி பாக்கிற ஆக்களுக்கு ஒண்டு. கலனைத் தள்ளி வச்சு, சிந்தின பெற்றோலைத் துடைச்சு, மணம் போன பிறகு பாருங்க. அதே பொறியில முகம் கருகின ஒருத்தரை எனக்குத் தெரியும்.

கடலுக்குள்ள விழுந்த எஞ்சினை எடுத்து வெயில்ல காய வைக்கவே கூடாது. காத்துப் பட்டவுடன துரு ஏறத் தொடங்கும். நல்ல தண்ணியால கழுவி, பிளக் கழட்டி உள்தண்ணிய வடிச்சு, உள்ள எஞ்சின் ஒயில் விட்டு, அண்டைக்கே திருத்துற பாஸிட்டக் கொண்டு போகணும். 2004 சுனாமிக்குப் பிறகு மணலுக்குள்ள இருந்து எடுத்த எஞ்சின்கள் கன நாள் கழிச்சுத்தான் என்னட்ட வந்திச்சு. பாதிக்கு மேல பிஸ்டன் ஒட்டிப் போய்க் கிடந்திச்சு. காப்பாத்த முடியல்ல.

வாழைச்சேனையிலிருந்து:

நான் கடலுக்குப் போறதில்ல, கரையில நிக்கிற ஆள். போன வருஷம் எங்கட வீட்டுக்காரரின்ட எஞ்சினும் இப்பிடித்தான் நிண்டது. பிளக் கழட்டச் சாவி இல்ல, போனிலயும் சார்ஜ் இல்ல. பத்து மணிக்கு வாற மனிசன் பின்னேரம் வேற வள்ளத்தில கட்டி இழுத்துத்தான் வந்தார். அதுமட்டும் நான் பிள்ளைகளோட மணலிலதான் இருந்தன்.

இப்ப புது பிளக் ரெண்டு, பிளக் சாவி, சவள் (துடுப்பு), நங்கூரக் கயிறு, சார்ஜ் ஏத்தின போன் எல்லாத்தையும் வள்ளத்தில என்ர கண்ணால பாத்த பிறகுதான் சோத்துப் பார்சலக் கையில குடுக்கிறன்.