கினபாலு மலை ஸ்லிப்பர் ஆர்க்கிட்: பார்க் இருந்தும் ஏன் அழியுது?

இலைவாசி:
போர்னியோ தீவுல, சபா மாநிலத்துல கினபாலு மலை இருக்குல்ல, அந்தப் பக்கம் மட்டுமே காட்டுல வளர்ற ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒண்ணு, பாஃபியோபெடிலம் ராத்ஸ்சைல்டியானம்னு பேரு, கோடு போட்ட நீள இதழ் ரெண்டு பக்கமும் மீசை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அது அழியப்போற நிலைமைல இருக்குன்னு படிச்சதுல இருந்து மனசே சரியில்லங்க. கினபாலு பார்க் 1964லயே வந்துடுச்சு, 2000ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்துடுச்சு. அப்புறமும் ஏன் இப்படி? காட்டை அழிக்கிறதுதான் காரணமா?

வேர்முடிச்சு:
அதுவும்தான், ஆனா எனக்குத் தெரிஞ்சு முதல் எதிரி திருட்டு. 1888ல இதுக்குப் பேர் வச்ச காலத்துலயே செடி வியாபாரிங்க போட்டிக்கு யாரும் வந்துடக்கூடாதுன்னு நியூ கினியால கிடைச்சதுன்னு பொய் சொல்லிட்டாங்க, அதனால ரொம்ப காலம் சரியான இடம் யாருக்கும் தெரியல, 1959லதான் கினபாலுவுல திரும்பக் கண்டுபிடிச்சாங்க. அந்தப் பொய்யே அத்தனை வருஷம் அதைக் காப்பாத்துச்சுன்னுதான் நான் சொல்லுவேன். இடம் தெரிஞ்சதும் வேரோட பிடுங்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. விதை முளைச்சு முதல் பூ வர 15 வருஷம்கூட ஆகலாம், அதனால ஒரு செடி போனா அந்த இடம் சீக்கிரம் நிரம்பாது. தயவுசெஞ்சு யாரும் காட்டுல எடுத்த போட்டோவை இடத்தோட போடாதீங்க.

மழைத்தும்பி:
இன்னொண்ணு, இது எல்லா இடத்துலயும் வளராது. 500ல இருந்து 1200 மீட்டர் உயரத்துக்குள்ள, சர்ப்பென்டைன்னு ஒரு வகைப் பாறை சிதைஞ்சு வந்த மண்ணு இருக்கிற சரிவுல ஒட்டிக்கிட்டு நிக்கும். அந்த உயரம்தான் மனுஷனும் சுலபமா போய் மரம் வெட்டற, எரிச்சு விவசாயம் பண்ற உயரம். மாமுட் தாமிரச் சுரங்கத்துக்காக பார்க் நிலத்துலயே ஒரு பகுதியைப் பிரிச்சுக் குடுத்தாங்க, 1975ல இருந்து 1999 வரைக்கும் தோண்டினாங்க. பார்க் எல்லைங்கறது கல்லுல எழுதினது இல்லங்க.
மகரந்தம் கதை இன்னும் பாவம். பூவோட நடுவுல அசுவினிக் கூட்டம் (செடிச் சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சிங்க) மாதிரி ஒரு அமைப்பு இருக்கும், தன் புழுவுக்கு அந்தப் பூச்சிதான் சாப்பாடுன்னு ஏமாந்து பெண் ஹோவர் ஈ (பூ மேல அந்தரத்துல நின்னு பறக்கிற ஒரு ஈ) முட்டை வைக்க வந்து, வழுக்கி கீழ இருக்கிற பைக்குள்ள விழுந்து, வெளிய ஏறி வரும்போதுதான் மகரந்தம் ஒட்டும். அந்த ஈ வேற பூவுக்கும் போய் ஏமாறணும். செடிங்க அங்கொண்ணு இங்கொண்ணுன்னு ஆயிட்டா அது எங்க நடக்கும்? விதை விழுந்தாலும் அதுல சேமிச்ச சத்து இல்ல, மண்ணுல சரியான பூஞ்சை கிடைச்சாத்தான் முளைக்கும்.

இலைவாசி:
அப்போ ஒரு செடி வாங்கி வளர்க்கணும்னு ஆசைப்படறதே தப்பா?

வேர்முடிச்சு:
தப்பே இல்ல. லேப்ல விதை போட்டு வளர்த்த செடிங்க நர்சரிகள்ல தாராளமா கிடைக்குது, நல்லாவும் வளரும். ஆனா இந்த இனம் முழுக்க சைட்டிஸ்ங்கற, அழியற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்கு, காட்டுச் செடிய நாடு விட்டு நாடு விக்கக் கூடாது. அதனால வெளிநாட்டுச் செடின்னா பேப்பர் கேளுங்க. அடிபட்ட பழைய இலை, முறிஞ்ச வேரு, விக்கிறவர் வளர்த்த கதையச் சொல்லத் தயங்கறார்னா விட்டுடுங்க, எவ்ளோ கம்மியா குடுத்தாலும்.