உலாவி திறக்கவில்லை, மின்னஞ்சல் மட்டும் இயங்குகிறது: மடல் வழியாகவே இணையப் பக்கங்களைப் பெற முடியுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மேசைக் கணினியில் ஏறத்தாழ இரண்டு மாதங்களாக உலாவியில் எந்த இணையப் பக்கமும் திறப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று வந்து நின்றுவிடுகிறது. வேறு இரண்டு உலாவிகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. ஆனால் மின்னஞ்சல் செயலி மட்டும் தடையின்றி இயங்குகிறது. தொடக்கத்தில் அதுவும் ஓர் எச்சரிக்கையைக் காட்டியது, அதை ஏற்பதாக ஒப்புதல் கொடுத்த பிறகு மடல்கள் ஒழுங்காக வந்து போகின்றன. இந்த இழைக்கும் மடல் வழியாகவே எழுதுகிறேன்.

என் தேவை இரண்டு. ஒன்று, வேலைக்குத் தேவையான சில பக்கங்களை மின்னஞ்சல் வழியாகப் பெற வழி உண்டா என்பதை அறிய வேண்டும். மற்றொன்று, உலாவிக் கோளாறைச் சரிசெய்யும் என்று நண்பர் ஒருவர் அனுப்பிய நிறுவல் கோப்பு எனக்கு வந்து சேரவே இல்லை. அதைப் பெறும் வழியும் தெரிய வேண்டும். இதற்குத் தொடர்பில்லை என்றாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நான் அனுப்பும் மடல்கள் வரவில்லை என்று அண்மைக் காலமாகச் சிலர் கூறுகிறார்கள், அனுப்பியவை பெட்டகத்தில் அவை அனைத்தும் இருக்கின்றன. கணினியில் விண்டோஸ் 10 உள்ளது. வேலை முடிந்ததும் சுவரில் உள்ள மின் சுவிட்சையும் அணைத்துவிடுவது வழக்கம்.

முதல் மறுமொழி

வணக்கம் ஐயா. மின்னஞ்சல் வழியாக இணையப் பக்கங்களைப் பெறுவது புதிய முயற்சி அன்று. உலாவிகள் பரவலாவதற்கு முன்பும், பரவிய பிறகு இணைப்பு மெதுவாக இருந்த காலத்திலும், பலருக்கு இணையம் என்பதே அஞ்சல் பெட்டிதான். எஃப்டிபிமெயில் என்ற சேவைக்கு ஒரு கோப்பின் பெயரை மடலில் எழுதி அனுப்பினால், சேவையகம் அந்தக் கோப்பை எழுத்துகளாக மாற்றி, பல துண்டுகளாக நறுக்கி, தனித்தனி மடல்களாக அனுப்பிவைக்கும். பெற்றவர் அவற்றை வரிசைப்படுத்தி ஒட்டிக்கொள்வார். 1990களில் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் உருவான அகோரா என்ற நிரல் இதையே இணையப் பக்கங்களுக்குச் செய்தது. அந்தத் தலைமுறைச் சேவைகளின் முகவரிகள் பழைய கையேடுகளில் இன்றும் கண்ணில் படும். அவற்றை நம்பி மடல் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம்.

நடுக்கடலில் வானொலி அலை வழியாக மின்னஞ்சல் மட்டுமே கிடைக்கும் படகோட்டிகளுக்காக நடத்தப்படும் செயில்டாக்ஸ் என்ற சேவை உங்களுக்கு உதவக்கூடும். அதன் முகவரியில் @ குறிக்கு முன் க்வெரி என்றும், பின் செயில்டாக்ஸ் டாட் காம் என்றும் ஆங்கில எழுத்தில் வரும். மடலின் உடற்பகுதியில் செண்ட் என்ற சொல்லை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, வேண்டிய பக்கத்தின் முழு முகவரியைத் தட்டச்சு செய்து அனுப்பினால், படங்கள் நீக்கப்பட்டு எழுத்துப் பகுதி மட்டும் மறுமடலாக வரும். உள்நுழைந்து பார்க்க வேண்டிய பக்கங்களுக்கோ, தொட்ட பிறகே விரியும் பக்கங்களுக்கோ இது பயன்படாது. அடிக்கடி புதுப்பிக்கப்படும் தளங்களாக இருந்தால், அவற்றின் செய்தியோடையை (புதிய பதிவுகளின் தானியங்கிப் பட்டியலை) மடலாக மாற்றித்தரும் ஆர்எஸ்எஸ்2இமெயில் போன்ற நிரலை வேறொரு கணினியில் இயக்கச் சொல்லலாம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன், பக்கத்தை எடுத்து மடலில் அனுப்பும் ஒரு நிரல் வழியாகவே பெரும்பாலான இணையத்தளங்களைப் படிப்பதாகத் தம் தளத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே இது நடைமுறைக்கு உகந்ததுதான்.

ஆனால் கோளாறுக்குத் தீர்வு தேடும்போது ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். மடலில் உதவி கேட்பவர் எல்லாவற்றையும் முதல் மடலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாள் போய்விடும். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் அமைப்பின் வழுப்பதிவு, அதாவது மென்பொருள் பிழைகளை அறிவிக்கும் முறை, முழுக்க மின்னஞ்சலில்தான் நடக்கிறது. ஒவ்வொரு வழுவுக்கும் தனி அஞ்சல் முகவரியே உண்டு. அங்கே மடலின் முதல் வரிகளில் மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் சொற்கள் என்ன? திரையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

கேட்டவர்

விரிவான விளக்கத்துக்கு நன்றி. எச்சரிக்கையின் முதல் வரி, உங்கள் இணைப்பு பாதுகாப்பானதாக இல்லை என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியம். அதன் கீழே சிறிய எழுத்தில் நீண்ட பத்தி ஒன்று உள்ளது.

இரண்டு நாட்களில் வேறொன்றையும் முயன்றேன். எனக்கு வேண்டிய தமிழ்க் கட்டுரை ஒன்றைத் திறந்து, அதன் எழுத்துகளை நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிச் சேமித்து இணைப்புக் கோப்பாக அனுப்புமாறு நண்பரிடம் கேட்டேன். அனுப்பினார். ஆங்கிலச் சொற்கள் சரியாக உள்ளன. தமிழ் வர வேண்டிய இடமெல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகளே உள்ளன. என் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கிறது. நிறுவல் கோப்பை அவர் சிப் கோப்பாகச் சுருக்கி மீண்டும் அனுப்பிப் பார்த்தார், அதுவும் திரும்பிவிட்டது.

இரண்டாம் மறுமொழி

கேள்விக்குறிகளைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் இதில் பலரும் எழுத்துருவைக் குறைகூறி நேரத்தை வீணாக்குவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் எழுத்து கெட்டுப்போய் வருவதில் இரண்டு வகை உண்டு. பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகவும் குறிகளாகவும் தெரிந்தால் தரவு முழுமையாக இருக்கிறது, படிக்கும் செயலி தவறான குறியேற்றத்தில் (எழுத்துகளை எண்களாகப் பதியும் முறையில்) படிக்கிறது என்று பொருள். அங்கே எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் மீண்டுவிடும். உண்மையான கேள்விக்குறிகளாக வந்தால் மீட்க எதுவும் இல்லை. உங்கள் நண்பருடைய நோட்பேடு பழைய பதிப்பாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்புக்கு முன்புவரை நோட்பேடு இயல்பாக ஆன்சி என்ற பழைய குறியேற்ற முறையில்தான் சேமிக்கும். அந்த முறையில் தமிழுக்கு இடமே கிடையாது என்பதால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டு மூலத்தைக் கைவிட்டுவிடும். சேமிக்கும் பெட்டியின் அடியில் குறியேற்றம் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள். கோப்பே வேண்டாம், கட்டுரையை மடலின் உடற்பகுதியில் நேரடியாக ஒட்டினாலும் சரியாக வரும்.

உடற்பகுதியில் ஒட்டும்போது மடலின் எடை கூடுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மின்னஞ்சல் வகுக்கப்பட்ட காலத்தில் ஏழு பிட் கொண்ட ஆங்கிலக் குறிகளை மட்டும் சுமப்பதாகவே வகுக்கப்பட்டது. பிற எழுத்துகளையும் கோப்புகளையும் அந்தக் குறிகளுக்குள் மடித்து அனுப்பும் மைம் முறை 1992இல் வந்தது. தமிழ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்துகள். கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யுடிஎஃப்-8இல் குறி ஒன்றுக்கு 3 பைட்டுகள் வீதம் 15 பைட்டுகள். கோட்டட்-பிரின்டபிள் என்ற முறையில் மடித்தால் பைட் ஒன்றுக்கு ஒரு சமக்குறியும் இரண்டு இலக்கங்களுமாக 45 குறிகள் ஆகிவிடும். மூன்று பைட்டுகளை நான்கு குறிகளாக்கும் பேஸ்64 முறையில் 20தான். ஆங்கில மடலுக்குச் சிக்கனமான முறை தமிழுக்கு மும்மடங்குச் சுமையாகிறது. மடலின் மூலத்தைத் திறந்து பார்த்தால் எந்த முறை என்பது தெரியும்.

இணைப்புக் கோப்புகளும் பேஸ்64இல் மடிக்கப்படுவதால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகப் பெருகுகின்றன. சேவையகத்தின் வரம்பு 25 மெகாபைட் என்றால் 18 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அனுப்பத் துணிய வேண்டாம். நிறுவல் கோப்பு திரும்பியதற்கு அளவு காரணமாக இருக்காது. இயங்கு கோப்புகளைப் பல அஞ்சல் சேவைகள், சிப்புக்குள் வைத்தாலும் திறந்து பார்த்து மறுத்துவிடும்; தீநிரல்கள் பரவும் பழைய பாதை அதுதான். பெயரை மாற்றி ஏமாற்றி அனுப்பச் சொல்ல மாட்டேன். எந்தக் கோளாறு என்றே தெரியாத நிலையில் அந்தக் கோப்பு எதைச் சரிசெய்யும் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் மறுமொழி

நான் இந்த இழையை அஞ்சல் பெட்டியில்தான் படிக்கிறேன். கேட்டவரின் இரண்டு மடல்களும் என் பெட்டியில் மேலே வரவில்லை. தேடியபோது அடியில், மிகப் பழைய மடல்களுக்கு நடுவே கிடந்தன. அதனால் அவற்றின் தலைப்பகுதியை முழுமையாகத் திறந்து பார்த்தேன்.

மடலின் தலைப்பகுதியில் தேதி வரியை எழுதுவது அனுப்புபவரின் கணினி. மடல் கடந்துவரும் ஒவ்வொரு சேவையகமும் பெற்றுக்கொண்ட நேரத்தைத் தன் வரியாக மேலே சேர்த்துக்கொண்டே வரும், ஆகவே அந்த வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். உங்கள் முதல் மடலில் சேவையகங்கள் எழுதிய நேரங்கள் எல்லாம் இந்த வாரத்துக்குரியவை. உங்கள் கணினி எழுதிய வரியோ, வியாழன், 1 ஜனவரி 2015, 00:47 என்கிறது. இரண்டு நாட்கள் கழித்து நீங்கள் எழுதிய மடலிலும் அதே 1 ஜனவரி 2015, நேரம் மட்டும் 01:12. அதாவது உங்கள் கணினி ஒவ்வொரு நாளும் புதிதாக 2015இல் பிறக்கிறது.

உலாவி திறக்காததற்கு இதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். பாதுகாப்பான தளங்கள் தம் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழில் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு; 2020 செப்டம்பர் 1 முதல் உலாவிகள் 398 நாட்களுக்கு மேற்பட்ட புதிய சான்றிதழ்களை ஏற்பதில்லை. 2015இல் நின்றுகொண்டு பார்க்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் ஒவ்வொன்றும் இன்னும் தொடங்காத ஒன்று. மின்னஞ்சல் செயலி இயங்குவதற்குக் காரணம், நீங்கள் அன்று கொடுத்த ஒப்புதல். உங்கள் மடல்கள் வரவில்லை என்பவர்களும் பொய் சொல்லவில்லை. தேதி வரிசையில் அவை அடியில் போய் விழுந்திருக்கும், அல்லது எரித (ஸ்பாம்) வடிகட்டி ஒதுக்கியிருக்கும். ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டி நிரலில், தேதி 96 மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிய மடலைச் சந்தேகிக்கத் தனி விதியே உள்ளது.

கணினிக்குள் உள்ள முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில் காசு போன்ற ஒரு பேட்டரி இருக்கும். சிமாஸ் பேட்டரி என்பார்கள். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்ட கணினியில் சுவர் சுவிட்சை அணைத்தால் கடிகாரம் மதர்போர்டின் தொடக்கத் தேதிக்குத் திரும்பிவிடும். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி விண்டோஸில் இருக்கிறதே என்று கேட்கலாம். தனிக் கணினியில் அதன் இயல்பமைப்பு 54,000 வினாடிகள், அதாவது 15 மணி நேரம் வரையிலான பிழையைத்தான் திருத்தும். ஆண்டுக்கணக்கில் விலகியிருந்தால் தொடாமல் விட்டுவிடும்.

முதலில் தேதியையும் நேரத்தையும் கையால் திருத்தி உலாவியைத் திறந்து பாருங்கள். திறந்தால், மின் கம்பியைக் கழற்றிவிட்டு, கூட்டல் குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பேட்டரியை மாற்றுங்கள். பிறகு கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் தேதியை அமையுங்கள். கடைசியாக, மின்னஞ்சல் செயலியின் சான்றிதழ்ப் பட்டியலில் அன்று ஒப்புதல் கொடுத்து நீங்கள் சேர்த்த விதிவிலக்கைக் கட்டாயம் நீக்குங்கள். உங்கள் கடவுச்சொல் செல்லும் வழியில் ஒரு சரிபார்ப்பை அணைத்து வைத்திருக்கிறீர்கள். கடிகாரம் சரியான பின் அதற்குத் தேவையே இல்லை.

கேட்டவர்

தேதியைத் திருத்திய மறு நிமிடமே உலாவி திறந்தது. திருத்துவதற்கு முன் எச்சரிக்கையின் சிறிய எழுத்துப் பத்தியையும் படித்தேன்: கணினியின் தேதி 1 ஜனவரி 2015 என்று உள்ளது, அது சரிதானா என்று அங்கேயே கேட்டிருந்தது. முதல் மறுமொழியில் சொற்களை அப்படியே எழுதச் சொன்னபோது நான் முதல் வரியோடு நிறுத்தாமல் இருந்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். திரையின் மூலையில் நேரம் தவறாகத் தெரிந்ததையும் பார்த்திருக்கிறேன். தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

பேட்டரியை மாற்றி, சுவர் சுவிட்சை இரவு முழுவதும் அணைத்து வைத்துப் பார்த்தேன்; தேதி நிலைத்திருக்கிறது. விதிவிலக்கை நீக்கிய பிறகும் மடல்கள் எச்சரிக்கையின்றி வருகின்றன. நண்பரிடம் 2015 ஜனவரி என்று தேடச் சொன்னேன். கிடைக்கவில்லை என்று அவர் சொன்ன 11 மடல்களும் ஒரே இடத்தில் இருந்தன. யுடிஎஃப்-8இல் அவர் மீண்டும் சேமித்து அனுப்பிய கட்டுரையும் தமிழாகவே வந்துவிட்டது. நேற்று எனக்கே ஒரு மடல் அனுப்பி, தலைப்பகுதியைத் திறந்து, வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பார்த்தேன். என் கணினி எழுதிய நேரத்துக்கும் முதல் சேவையகம் எழுதிய நேரத்துக்கும் 4 வினாடிகளே வேறுபாடு. மூவருக்கும் என் நன்றி.